செங்கம்மாள் கையெழுத்துப் போடாத மனு

என் பெரியம்மா மகள் செங்கம்மாளுக்கு நரியைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நடந்ததைக் கேள்விப்பட்ட நண்பர்கள் இரண்டு பேர் அவளை ஏதோ வனவிலங்கு ஆர்வலர் என்று நினைத்துக்கொண்டு, இயற்கையைப் பற்றி அவளிடம் நாலு வார்த்தை கேட்டு அனுப்பச் சொன்னார்கள். கேட்டேன். "கோயி திருடி அது. அத்தப் பத்தி இன்னாத்த சொல்றது" என்று போனை வைத்துவிட்டாள். கோயி என்றால் அவள் பேச்சில் கோழி.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. தையூரில் வீடு. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, கழிவெளியைப் பார்த்து நிற்கும் நாலு பிளாக் அடுக்ககத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள். புடவைக்கு மேலே பச்சை ஓவர்கோட், கழுத்தில் ஒரு விசில். பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் போன் எடுக்காது என்பதால் அந்த விசில். ஒரு ஊது ஊதினால் ஏ பிளாக் ஆட்கள் வரவேண்டும், இரண்டு ஊதினால் பி பிளாக். நாலு ஊதினால் எல்லாரும் டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம்.

அதே அடுக்ககத்தின் சி பிளாக்கில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. மஸ்கட்டில் இருந்துகொண்டே வாங்கியது. அம்மா அதில் தனியாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. பெரியப்பாவும் அப்பாவும் அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்கு நின்றவர்கள். நான் மிஷன் பள்ளியில் இரண்டு மொழியும் படித்து வெளியே வந்துவிட்டேன். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டாள். இப்போது ஒரே கட்டடத்தில் நான் ஓனர், அவள் வேலையாள். நாங்கள் சொந்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாது என்று அக்காவே கண்டிஷன் போட்டிருந்தாள்.

"தெரிஞ்சா போச்சி. சின்னம்மா வூட்டு முன்னால மட்டும் நல்லா பெருக்குறேன்னு குரூப்ல போட்டுருவாங்க."

குரூப் என்றால் ஓனர்களின் வாட்ஸப் குரூப். அம்மாவைப் பற்றிய கவலைக்கு எனக்கு அதுதான் மருந்து, நோயும் அதுதான். லிஃப்ட் நின்றது, தண்ணீர் லாரி வரவில்லை, பாம்பு வந்தது என்று எது வந்தாலும் இங்கே சைட் ஆபீஸில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படிப்பேன்.

அடுக்ககத்தின் பின்பக்கம் கம்பி வேலி. அதற்கு அப்பால் பன்னிரண்டு ஏக்கர் வேலிகாத்தான் முள், பிறகு உப்பங்கழி. அந்த முள்ளுக்குள் நரிகள் உண்டு. அந்தி சாயும்போது ஊளைச் சத்தம் கேட்கும். இதை வைத்து குரூப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு நரி என்றால் பெருமை. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் காட்டு நரி இருக்கும் இடம் எத்தனை என்று கேட்பார்கள். ஏ பிளாக் ஜம்புலிங்கம் சார் கை நீளத்துக்கு லென்ஸ் வாங்கி இரண்டு வருஷமாக மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார், ஒரு நல்ல படம் மாட்டவில்லை. இன்னொரு கட்சிக்கு நரி என்றால் வெறிநோய், குழந்தைகள் ஓடிவிளையாடும் இடம், வீட்டு விலை. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட நரியைப் பக்கத்தில் பார்த்ததில்லை.

பக்கத்தில் பார்த்தவள் அக்கா. தையூர் வீட்டில் ஒரே ஆடி மாதத்தில் பதினோரு கோழிகளை நரி தூக்கியது. அதில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்த கோழி. அதற்குப் பிறகு அவள் கூண்டுக்கு அடியில் செங்கல் பரப்பி, வலையை இரட்டையாகப் போட்டாள். நரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இரண்டு கட்சியும் சேர்ந்து கொஞ்சிய ஜீவன் ஒன்று இருந்தது. அதன் பெயர் ப்ரவுனி. சி பிளாக் ஏழாம் மாடி ரோகிணி மேடம், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலி ஓரம் ஒரு நீலக் கிண்ணத்தில் உப்புப் போடாத சிக்கன் சோறு வைப்பார். செம்பட்டை நிறம், ஒல்லிக் கால், கூச்ச சுபாவம். தூரத்தில் நின்று பார்க்கும், ஆள் விலகினதும் வந்து தின்னும், திரும்பிப் போய்விடும். "இவ்வளவு டீசன்டான தெரு நாயை நான் பார்த்ததே இல்லை, ஒரு நாள்கூட குலைச்சதில்லை" என்று ரோகிணி மேடம் எழுதுவார். அசோசியேஷன் போட்ட காலண்டரில் மார்ச் மாதத்துக்கு ப்ரவுனி படம்தான். எங்கள் சமையலறையிலும் அது தொங்கியது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால், அக்காவின் ஆட்களில் ஒருத்தியான அம்சா ஈரக்குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின் கேட்டுக்குப் போனாள். ஜெனரேட்டர் ஷெட்டைத் தாண்டும்போது ஏதோ ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வியது. அம்சா குப்புற விழுந்தாள். பத்தடி தள்ளி குப்பை ரூம் பூட்டைத் திறந்துகொண்டிருந்த அக்கா, தொட்டி மூடியைக் கழற்றி அதன்மேல் வீசினாள். அது ஓடிவிட்டது. அம்சாவைக் குழாயடியில் உட்காரவைத்து, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஷேர் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முதல் ஊசி போட்டுத் திரும்பும்போது மணி ஒன்பது.

அதற்குள் குரூப்பில் தீர்ப்பே வந்துவிட்டது. பின் கேட் கேமராவில் நாலு விநாடி படம். வெளிச்சம் இல்லாத நேரம், எல்லாமே சாம்பல் நிறம், ஒரு வால். 'நரி ஊழியரைக் கடித்தது' என்று யாரோ போட்டார்கள். நான் பார்க்கும்போது நூற்று நாற்பது மெசேஜ். நான் அம்மாவுக்கு போன் போட்டு ஒரு வாரம் கீழே இறங்கக்கூடாது என்றேன். "அப்ப குப்பைய யாரு கீய எடுத்துகினு போறது, நீ வந்து எடுத்துகினு போறியா" என்றாள்.

அசோசியேஷன் செக்ரட்டரி அரவிந்தன். கெட்டவர் இல்லை. சிறு பெண் குழந்தை இருக்கிறது, உண்மையாகவே பயந்திருந்தார். அன்று மாலைக்குள் வனத்துறைக்கு ஒரு மனு அடித்துவிட்டார். நரிகளைப் பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வேலிக்குப் பின்னால் உள்ள முள் முழுவதையும் ஜேசிபி வைத்து அழிக்க வேண்டும். நேரில் கண்ட சாட்சியின் கையெழுத்துக்கு அடியில் இடம் விட்டிருந்தார். மறுநாள் அக்காவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அக்கா எனக்கு அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"இது இன்னா சார்?"

"நீங்க பார்த்ததை எழுதியிருக்கேன் செங்கம்மா. கீழே ஒரு கையெழுத்து மட்டும்."

"நான் பாத்தத இன்னும் உங்க கைல சொல்லவே இல்லியே சார்."

அரவிந்தன் நிமிர்ந்து பார்த்தாராம். "நரிதானே கடிச்சது?"

"நாயி சார். வெள்ளையும் செவலையுமா ஒரு பொட்ட நாயி. ஷெட்டாண்ட குட்டி போட்டுகீது. அம்சா தெரியாம பக்கத்துல தொட்டியத் தள்ளிகினு போச்சி, புடிச்சிடிச்சி."

"கேமராவுல நான் பார்த்தேனே. அந்த நேரத்துல உங்களுக்குச் சரியா தெரிஞ்சிருக்காது."

"கேமரா கம்பத்து மேல கீது சார். நான் பத்தடில நின்னுகினு இருந்தேன்."

அவர் அதட்டவில்லை. மாதக் கடைசியில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் கமிட்டிக்கு வருகிறது, ஒத்துழைப்பு எப்படி என்று கேட்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி ஆள் இவ்வளவு நாசூக்காகப் பேசவில்லை. ராத்திரிக்குள் போன் வந்தது. "நரியோ நாயோ, உனக்கின்னாம்மா? போட்டுட்டுப் போ. பதினாலு பேரு சோத்துல மண்ணள்ளிப் போடாத."

அடுத்து நான் பேசினேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை, நானும் போடச் சொல்லித்தான் பேசினேன். "அக்கா, நரி வந்து உன்மேல கேஸா போடப்போகுது? உனக்கே அதைப் பிடிக்காது. ஒரு கையெழுத்து. வேலை முக்கியம்."

அவள் சொன்னாள்:

"டேய், அம்சா கால்ல பல்லு எறங்கிகீது. கடிச்ச நாய பத்து நாளு பாத்துகினே இருக்கணும், துன்னுதா, தண்ணி குடிக்குதான்னு பாத்து வந்து சொல்லணும்னு ஆஸ்பத்திரில சொல்லிகிறாங்க. நான் நரின்னு எய்தி குடுத்துட்டா, எல்லாரும் அந்தாண்ட முள்ளுல நரியத் தேடிகினு ஓடுவாங்க. நாயி இந்தாண்ட குந்திகினு இருக்கும். அத்த யாரு பாப்பா? நீ மஸ்கட்லேந்து பாப்பியா?"

அவள் அதோடு விடவில்லை.

"பொடிசு ஒண்ணு போயி அது வாய்ல கைய வெச்சா இன்னா பண்ணுவ? நரி மேல எனக்கு இன்னா பாசம்? அம்சா கால் எனக்குத் தெரிஞ்ச கால்டா."

கடித்த நாளிலிருந்தே அவள் அட்டென்டன்ஸ் நோட்டில் ஓரத்தில் தினம் ஒரு வரி சேர்ந்துகொண்டிருந்தது. முதல் நாள்: நாய் சோறு தின்றது, தண்ணீர் குடித்தது. இரண்டாம் நாள்: தின்றது, குட்டிக்குப் பால் கொடுத்தது. மூன்றாம் நாள்: தின்றது, என்னைப் பார்த்து உறுமியது. ஷெட்டைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டி, யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று எழுதி மாட்டினாள்.

அம்சாவுக்கே இதில் வேறு அபிப்பிராயம் இருந்தது. கட்டுப்போட்ட காலோடு மூன்றாம் நாளே வேலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "நரின்னே போட்டுடேன்கா. வூட்ல கெத்தா இருக்கும். குட்டி போட்ட நாயி கடிச்சிதுன்னா எங்கூட்டுக்காரன் வாய மூடிகினு சிரிக்கிறான்" என்றாளாம்.

"கெத்து வோணும்னா சொல்லு, புலின்னு போட்டுடலாம்" என்றாள் அக்கா.

சிரித்தார்கள். ஆனால் பதினான்கு பேருக்கும் மாதக் கடைசி தெரியும். அதில் இரண்டு பேர் அக்காவோடு சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் பொதுக்கூட்டம். ஓனர்களுக்கு நாற்காலி. வேலையாட்கள் சுவரோரம் நின்றார்கள். அம்மா போனை ஆன் செய்து மடியில் வைத்துக்கொண்டாள், ஸ்க்ரீனில் புடவை மட்டும் தெரிந்தது, சத்தம் நன்றாகவே கேட்டது. அரவிந்தன் கேமரா படத்தைத் திரையில் போட்டு மனுவை வாசித்தார். வனவிலங்குக் கட்சி எழுந்து சத்தம் போட்டது. பயந்த கட்சி அதைவிடச் சத்தம் போட்டது. கடைசியில் யாரோ, "நேர்ல பார்த்த ஆளைக் கேளுங்க சார்" என்றார்.

அக்கா முன்னால் போனாள். விஷயத்தைச் சொன்னாள். நாய் என்றாள்.

அரவிந்தன் பொறுமையாகத்தான் கேட்டார். "செங்கம்மா, நரி இல்லைன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க? நீங்க நரியைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?"

"தெனம் சாய்ந்தரம் பாக்குறேன் சார். நீங்களுந்தான் பாக்குறீங்க."

"நான் எங்கே பார்த்தேன்?"

"அதோ மாட்டிகீதே சார்" என்று அக்கா சுவரைக் காட்டினாள். "மார்ச்சு மாசம்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. யாரோ எழுந்து காலண்டரைக் கழற்றிப் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு ரோகிணி மேடத்தின் குரல்.

"அது ப்ரவுனி."

"ஆமா மேடம். ப்ரவுனிதான் நரி."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அந்தக் காலண்டர் படத்தை வீடியோ காலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கும் அது நாயாகத்தான் தெரிந்திருந்தது. வேலி ஓரம், கிண்ணத்தில் சோறு, ஒரு பெயர். வேறு எதுவாக நினைக்க முடியும்?

"நாயி வால தூக்கும், சுருட்டும், ஆட்டும் மேடம். ஒன்றர வருசமா சோறு போடுறீங்க, உங்களப் பாத்து ஒரு தபா வாலாட்டிச்சா? இந்தப் படத்துல வால பாருங்க, ஒட்டடக் குச்சி மாரி கீய தொங்குது, நுனி கறுப்பு. குலைச்சதே இல்லன்னு நீங்களே சொல்லிகினு இருப்பீங்க. அது குலைக்காது. ஓஎம்ஆர் ரோட்ல ஆம்புலன்ஸ் போச்சின்னா முள்ளுக்குள்ள குந்திகினு அதுங்க கூட்டத்தோட ஊளை உடும். இப்ப திரைல பாருங்க, கடிச்சதுக்கு வாலு மேல சுருண்டுகீது."

எல்லாரும் திரையைப் பார்த்திருக்க வேண்டும். சுருண்ட வால் அங்கேதான் இருந்தது, ஐந்து நாளாக.

ஜம்புலிங்கம் சார்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ ரெண்டு வருஷமா நான் மாடியில லென்ஸை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அது கீழே சிக்கன் சோறு சாப்பிட்டுக்கிட்டிருந்ததா?"

"நீங்க மாடிக்கு ஏறச்சொல்ல அதுக்கு டாட்டா காமிச்சிட்டுத்தான் சார் போவீங்க" என்றாள் அம்சா சுவரோரத்திலிருந்து. கூட்டம் சிரித்தது.

அரவிந்தன் சிரிக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அப்போ இது இன்னும் மோசம் இல்லையா? நரி வேலி வரைக்கும் வந்து பழகியிருக்கு. நாளைக்கு உள்ளே வரும்."

"கரெக்டு சார். சோத்த நிறுத்துங்க, அது அதுபாட்டுக்கு எலியப் புடிக்கப் போயிடும். எனக்கு அத்தக் கண்டா ஆவாது சார், எங்கூட்டு கோயி பதினொன்னு துன்னுகீது. அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. கடிச்சது அது இல்ல, அவ்ளோதான். கடிச்ச நாயி ஷெட்டாண்ட கீது. இன்னிக்கு ஆறாவது நாளு, நல்லா துன்னுது. இன்னும் நாலு நாளு பாக்கணும். அப்பறம் அதுக்கும் ஊசி போட்டு, கருத்தட ஆபரேசன் பண்ணி உடுங்க. அத்த எய்துங்க, நான் கையெழுத்து போடுறேன். இதுல போட மாட்டேன்."

"ஏன் செங்கம்மா முன்னாடியே என்கிட்ட சொல்லலை?" என்று ரோகிணி மேடம் கேட்டார்.

"சொல்லியிருக்கணும் மேடம். நீங்க ஆசையா கிண்ணத்த எடுத்துகினு வருவீங்க, எனக்கு வாய் வரல. அதுவுமில்லாம, அது அங்க துன்னா என் குப்பப் பைய கிழிக்காது. அதுவும் ஒரு காரணம்தான்."

அப்போது பி பிளாக் பக்கமிருந்து ஒருவர், வேலையாட்களுக்கு இவ்வளவு பேச இடம் கொடுத்தது யார் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. புடவை சரசரத்தது, போன் தரையில் விழுந்தது. விழுந்த போனிலிருந்து என் அம்மா பேசுவது கேட்டது.

"வேலையாளுதாம்பா. என் கூடப்பொறந்த அக்கா பொண்ணு. சி பிளாக் முன்னூத்தி நாலு. இன்னா இப்ப?"

அதோடு லைன் அறுந்துவிட்டது, மேலே எனக்குக் கேட்கவில்லை. கேட்காத அரை மணி நேரத்தை இங்கே ஆபீஸ் வராந்தாவில் நடந்தே கழித்தேன். அக்கா வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பதினான்கு பெண்களையும் நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன், என் கவலை எப்போதும் அவ்வளவு தூரம் போகும். பிறகு அம்மா கூப்பிட்டாள். மனுவை ஓட்டுக்கு விட்டார்களாம். கையைத் தூக்கினவர்கள் பதினேழே பேர், மனு தோற்றது. ப்ரவுனியைப் போட்டோ எடுத்த பாதிப்பேருக்குக் கை எழவில்லை. அரவிந்தன் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கான்ட்ராக்ட் பற்றி யாரும் பேசவில்லை.

அதனால் பயம் தீரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று அக்கா நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். தின்றது. தின்றது. ஒரு குட்டி வெளியே வந்தது. நீலக் கிண்ணம் வேலியோரத்தில் இல்லை. இரண்டு சாயங்காலம் ப்ரவுனி வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்றாம். ரோகிணி மேடம் அந்தப் பக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை பத்தாம் நாள். காலையில் அக்கா ஷெட் பக்கம் போனபோது அரவிந்தன் அங்கே நின்றிருந்தார். ரிப்பனுக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு. தாய் நாய் குட்டிகளை வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தது. அக்கா சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். நாய் எழுந்து வந்து தின்றது, தண்ணீரை நக்கிக் குடித்தது, அரவிந்தனைப் பார்த்து ஒரு உறுமு உறுமிவிட்டுப் போய்ப் படுத்தது.

"ஒண்ணும் வித்தியாசம் இல்லையே?" என்றாராம்.

"ஒண்ணும் இல்ல சார். கோவம் ஒண்ணுதான், அது மொத நாளுலேந்தே கீது."

"அம்சாவுக்குப் பயம் இல்லையே இனிமே?"

"ஊசி நாலும் போட்டு முடிச்சிடுவா சார். ஆனா நைட்டு தூங்குவா இன்னிலேருந்து."

அவர் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கி, பத்து நாள் வரிகளையும் படித்தார். தமிழ் வாசிக்க அவருக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்பதால் நேரம் பிடித்தது. மடித்துக் கொடுக்கும்போது, கேமராவைப் பத்தடியில் கொண்டுவந்து மாட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. லைட் போடுங்க சார், அது போதும் என்றாள்.

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பித்துக் கடிதம் வந்தது. கம்பெனி ஆள் போன் செய்து, "நல்லவேள தப்பிச்சீங்க" என்றான். பேசாமல் நின்ற இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். பின் கேட்டில் லைட் எரிகிறது. அக்கா கடிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் தொட்டிச் சக்கரம் உருளும் சத்தம், அம்சா யாரையோ திட்டும் சத்தம்.

"இந்தா, வேல கீது. இனிமே குரூப்பப் பாத்துட்டு சோத்த மூடி வெக்காத. துன்னு."

சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த மலையாளி நண்பர், யாருடைய குரல் என்று கேட்டார். என் அக்கா, கேளம்பாக்கத்தில் சூப்பர்வைசர் என்று சொல்லி, வாய்ஸ் மெசேஜை அவருக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன்.